வேறு பாஷைக்குத் தைத்த மெட்டு

சிட்னியில் ஜன்னல் இல்லாத ஒரு ஸ்டூடியோ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எலேனா நிற்கிறாள். உருகுவேயிலிருந்து வந்து, ஏழு வருடம் ஆங்கிலத்தில் பாடிப் பெயர் வாங்கியவள், இன்றைக்குத்தான் மறுபடி ஸ்பானிஷில் பாடுகிறாள். இந்தப் பக்கம், ஒலிநாடா இயந்திரத்தின் முன்னால் அதை இயக்கும் உதவியாளர் சந்திரவதனா. வாத்தியங்களை ஆங்கில வரிகளுக்கென்று போன மாதமே பதிந்து முடித்துவிட்டார்கள். வேறொருத்திக்குத் தைத்த சட்டைக்குள் உடம்பை நுழைப்பதுபோல, எலேனா அந்த இசைக்குள் ஸ்பானிஷை நுழைக்கிறாள். மூன்றாம் வரியின் கடைசிச் சொல் ஒவ்வொரு தடவையும் டிரம்மின் தாளத்துக்கு வெளியே தொங்கிவிடுகிறது. எதிரொலியை அடக்க முட்டை அட்டை ஒட்டிய சுவர்கள் அவள் மூச்சையும் விழுங்குகின்றன. "ஒரு சொல்லைக் குறையன், எவனுக்கு விளங்கப் போகுது?" என்கிறார் தயாரிப்பாளர் பாரி, சாண்ட்விச்சை மென்றபடி. "எனக்கு விளங்கும்," என்கிறாள் எலேனா. "அப்ப இதுதான் கடைசித் தடவை. பிழை விட்டா இசைத்தட்டில இங்கிலீஷ் பாட்டுத்தான் போகும்," என்கிறார் பாரி. நாடா சுழல்கிறது. மூன்றாம் வரியில் எலேனா ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டுகிறாள். கழற்றிய ஹெட்போனுக்குள் டிரம் அடைபட்ட வண்டுபோல இரைகிறது. அவள் கண்ணை மூடி, அந்தச் சொல்லை அதற்கு வேண்டிய நீளத்துக்குப் பாடுகிறாள். கழுத்து நரம்பில் சிவப்பு விளக்கின் வெளிச்சம் துடிக்கிறது. "சாண்ட்ரா, நிப்பாட்டு!" என்று பாரி கத்துகிறார். ஒலிப்பதிவில் பட்டம் வாங்கியும் இரண்டு வருடமாக இந்தப் பெயருக்குத் தலையாட்டி வந்த சந்திரவதனாவின் விரல் நிறுத்தும் பொத்தான்மேல் இருக்கிறது. அழுத்தவில்லை. "என்ர பேர் சந்திரவதனா," என்கிறாள், திரும்பாமலே. "பாட்டு இன்னும் முடியேல்லை." சக்கரத்தில் மிச்ச நாடா மெலிந்துகொண்டே வருகிறது.