கண்ணாடிக் கூட்டில் இருந்த சீட்டு

மூன்றாவது முறை மணியை அழுத்தியும் கதவு திறக்கவில்லை. உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது, செருப்பும் வாசலில்தான் கிடந்தது. மனுஷன் உள்ளே இருந்துகொண்டே பழிவாங்குகிறார் என்று எண்ணி அவள் மறுபடியும் மணியை அழுத்தினாள்.

ஐந்து மருத்துவமனைகளுக்குப் பொதுவான சர்வர்களை அவள் பிரிவுதான் நடத்தியது. காலையில் மின்சாரம் போய்வந்ததில் எல்லாம் அணைந்து எழுந்தன. கடவுச்சொற்களை எல்லாம் காக்கும் மென்பொருள் பெட்டகம் ஒருமுறை அணைந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க நாற்பது எழுத்துச் சாவி வேண்டும். முன்பாதி அவளுக்கு மனப்பாடம். பின்பாதி கண்ணாடிக்காரரின் பொறுப்பு. அலுவலகத்தில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து அவர் போனை எடுக்காததால்தான் அவள் அவர் வீட்டு வாசலுக்கே வந்திருந்தாள்.

பெட்டகம் திறக்காதவரை எந்த நோயாளியின் குறிப்பும் எந்த டாக்டரின் கண்ணிலும் படாது. அந்த நோயாளிகளில் ஒருத்தி அவளுடைய தங்கை. பதினொரு மணிக்கு இதய ஆபரேஷன். பழைய ரிப்போர்ட்டைப் பார்க்காமல் தொடவே மாட்டோம் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். தங்கையின் கணவர் அதற்குள் நாலு தடவை போன் பண்ணிவிட்டார்.

கண்ணாடிக்காரர் கோபப்படுவதிலும் நியாயம் உண்டு. போன மாதம் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில், தன் பாதிச் சாவியை அவர் எழுதிவைத்திருந்த சீட்டு அவள் கண்ணில் பட்டுவிட்டது. விட்டாளா? சுவரில் அவளே எழுதி ஒட்டிய விதிகளில் மூன்றாவதை, எல்லார் முன்னிலையிலும் அவரை உரக்க வாசிக்கவைத்தாள். 'எந்த ரகசியமும் பெட்டகத்துக்கு வெளியே இருக்கக் கூடாது.' அன்று மாலை அவர் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்ததைக் கூடவே நின்று பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

ஒருவழியாகக் கதவு திறந்தது. அவர் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அவள் கௌரவத்தையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டாள்.

"சார், எல்லார் முன்னாடியும் உங்கள அப்படிப் பண்ணினது என் தப்புதான். என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. அந்தப் பாதியை மட்டும் சொல்லிடுங்க. என் தங்கச்சி அங்க படுத்திருக்கா."

"உங்க மேல எனக்கு என்ன மேடம் கோபம்? சொல்ல முடிஞ்சா போன்லயே சொல்லியிருக்க மாட்டேனா? அத்தனை எழுத்து என் மண்டையில நிக்கல."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, வேறு எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று கேட்டாள்.

அவர் மெல்லத் தலையாட்டினார். சீட்டைக் கிழிப்பதற்கு முன்பே ஓர் எழுத்து பிசகாமல் பதிந்து வைத்துவிட்டதாகச் சொன்னார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் தங்கையின் கணவர் மறுபடியும் அழைத்தார். கிடைத்துவிட்டது, டாக்டரைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள் என்று அவரிடம் படபடவெனச் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்க சார் வச்சிருக்கீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே, அந்தப் பெட்டகத்துக்குள்ளதான் மேடம்."