எண்பத்தாறு அருவிகள்

“எப்படியாவது காப்பாத்திடுங்கம்மா. அது போச்சுன்னா எங்களுக்குன்னு ஒண்ணுமே இல்ல!”

கவுண்ட்டரில் தலையைச் சாய்த்துக்கொண்டு தேம்பினார் பெரியவர். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த துண்டு மூட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது.

டிஸ்க் அக்கா மூட்டையைப் பிரித்தாள். பழுதான ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து தொலைந்த படங்களை மீட்டுக் கொடுப்பது அவள் தொழில். பெயர் தெரு வைத்தது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க், குளித்து முடித்தது போலக் கிடந்தது.

“துடைக்கலாம்னு எடுத்தேன். கை நழுவி வாளியில விழுந்துடுச்சு. விழுந்த வேகத்துல எடுத்துட்டேன்” என்று மூக்கைச் சிந்தினார் பெரியவர்.

“விடுங்க, வேணும்னா போட்டீங்க?” என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார் கூட வந்த மனைவி. முப்பத்துநாலு வருஷம் லீவே போடாமல் உழைத்த தலைமை நர்ஸ். ஓய்வு பெற்ற மறுமாதம்தான் வாழ்க்கையில் முதல்முறையாகச் சுற்றுலா போனாராம். “நாலாயிரத்து அறுநூத்துப் பன்னிரண்டு படம்மா. எல்லாம் நானே எடுத்தது. வேற காப்பி கிடையாது.” கடைசி வார்த்தையில் அந்த அம்மாவின் குரல் லேசாக உடைந்தது.

அன்று மதியமே போன் வந்தது.

“நான் அவங்க மருமகன் பேசறேன். டிஸ்க் பிழைச்சுக்குமா?”

“பார்த்துக்கிட்டிருக்கேன் சார்.”

“ரொம்ப மெனக்கெடாதீங்க மேடம். தேறாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, புண்ணியமாப் போகும். ஞாயித்துக்கிழமை ஆனா கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு மூணு மணி நேரம் படம் காட்டறாங்க. ஒரே அருவி, எண்பத்தாறு படம்! எல்லாம் ஒண்ணுதானேன்னு கேட்டா, ‘நல்லாப் பாருங்க மாப்பிள்ளை, ஒவ்வொண்ணுலயும் தண்ணி வேற வேற’ங்கறாங்க.”

மறுநாள் மகள் பேசினாள். “அம்மா மேல எனக்கு உசுரு. ஆனா அந்த அருவி மட்டும் வேணாம் மேடம்.” சாயங்காலம் எதிர்வீட்டுத் தையல்காரர் நேரிலேயே வந்து நின்றார். “அந்த அம்மா எங்க வீட்டு மணியை அடிச்சாலே என் பொண்டாட்டி கட்டிலுக்கு அடியில போயிடறா. பாவம், முட்டி வலிக்காரி” என்று கைகூப்பினார்.

டிஸ்க் அக்காவுக்கு மனசு ஊசலாடியது. ‘தேறாது’ என்ற சொல்லை அவள் பொய்யாகச் சொன்னதே இல்லை. அந்த உடைந்த குரல் வேறு காதிலேயே நின்றது. ஊரே எதிர்த்தாலும் கட்டின புருஷன் ஒருத்தராவது அழுகிறாரே என்று நினைத்ததும் திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டாள்.

திருகாணிகளெல்லாம் பழுப்பேறிக் கிடந்தன. விழுந்த வேகத்தில் எடுத்ததற்கா இவ்வளவு துரு? அவளுக்குச் சந்தேகம் நேராக மருமகன் மேல் போய் விழுந்தது. ‘இரு, உனக்காகவே மீட்டுக் காட்டறேன்’ என்று பல்லைக் கடித்தாள்.

ஐந்து நாள் போராட்டம். உள்ளே துடைத்துக் காயவைத்து, அதே மாதிரி இன்னொரு டிஸ்க்கிலிருந்து சர்க்யூட் போர்டைக் கழற்றி மாட்டினாள். ஐந்தாம் நாள் டிஸ்க் ‘உய்ய்ங்’ என்று சுழன்றபோது, தனியாக நின்று கை தட்டினாள். படங்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நாற்பதாவது அருவியில் கொட்டாவி வந்தது உண்மைதான்.

சனிக்கிழமை காலை பெரியவர் தனியாக வந்தார்.

“எல்லாம் வந்துடுச்சு சார்! ஒரு படம்கூடப் போகல!”

பெரியவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். கண்கள் குளமாயின.

“இனிமே உங்களுக்குப் பயமே வேணாம். புது டிஸ்க்குல ஒரு காப்பி, பென் டிரைவ்ல ஒரு காப்பி. அம்மாகிட்ட கேட்டுட்டு இன்டர்நெட்லயும் ஏத்திட்டேன். வீடே முங்கினாலும் இந்தப் படங்களுக்கு அழிவே கிடையாது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்! நாளைக்கு முதல் படத்துலேருந்து ஆரம்பிக்கப் போறாங்களாம்.”

பெரியவரின் தோள்கள் குலுங்கின. ஆனந்தக் கண்ணீரைப் பார்த்து டிஸ்க் அக்காவும் நெகிழ்ந்துபோனாள். ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

டம்ளரைக் கையில் வாங்கியவர் குடிக்காமல் அதையே வெறித்தார். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் குனிந்து, கிசுகிசுத்தார்.

“முழுசா ரெண்டு நாள் ஊறப்போட்டேனேம்மா!”