வெல்

நல்லரத்தினம் கிணற்றுக் கட்டில் ஏறிநின்று கப்பியைக் கழற்றுகிறார். வாவியில் பட்ட வெயில் வீட்டுச் சுவரில் நெளிகிறது. வாவிக்கரையில் அரசாங்கம் எந்தக் காணியை எடுக்கும் என்று சொல்லும் கந்தோர்க் கடிதம் காலையில் வந்தது. முழுக்க இங்கிலீசு. அவருக்குத் தெரிந்தது ‘வெல்’ என்ற ஒரு சொல்தான். கட்டாரில் பத்து வருசம் கிணறு தோண்டி முதுகொடிந்தவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிணறுதான் போகிறது, வீடு தப்பிவிட்டது என்று ஒரே புளுகம், சந்தோசம். மகள் விதுர்ஷா கடிதத்தை இரண்டாந்தரம் வாசிக்கிறாள்.

“அப்பா, இது கிணறில்ல.”

“போடி, எனக்கே கிணறு படிப்பிக்கிறியா?”

“‘விதின்’ எண்டா உள்ளுக்கு. அதுக்கு முன்னால ‘வெல்’ வந்தா, நல்லா உள்ளுக்கு எண்டு கருத்து. நம்மட வீடு அவங்க எடுக்கிற எல்லைக்கு நல்லா உள்ளுக்குக் கிடக்காம்.”

“விளிம்பில எண்டு இல்லையா?”

“இல்லப்பா. நல்லா உள்ளுக்கு.”

நல்லா. அந்தச் சொல்லை அவர் வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்க்கிறார். துருவேறிய கப்பி கையில் கனக்கிறது. இன்னும் பூசாத சுவரைப் பார்க்கிறார். பிறகு கப்பியைப் பழைய கொளுக்கியிலேயே மாட்டிக் கயிற்றைக் கோக்கிறார்.

“சோறாக்கத் தண்ணி வேணுமே” என்கிறார்.

வாளி கீழே இறங்குகிறது.