ராசியான கால்

"மெதுவா தூக்குங்கப்பா! ஊருக்கே இடுப்பு எடுத்துவுட்ட மனுசன், இன்னிக்கி இப்டி கெடக்கறாரே!"

ஜீப்பிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றியவர்களை அதட்டிக்கொண்டே, கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குள் நுழைந்தாள் பச்சையம்மாள். படுத்திருந்தவர் அவள் கணவர் சுப்புராயன். வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு ஒரு 'ஐயோ' போட்டுக்கொண்டு வந்தவர், டாக்டரைப் பார்த்ததும் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

டாக்டர் கலையரசிக்குச் சின்ன வயது. ஆனாலும் யாருடைய சத்தத்துக்கும் பதறாதவர்.

"என்னாச்சுங்க ஐயா?"

"இடுப்பும்மா. காத்தால சாமை மூட்டையத் தூக்கச் சொல்லோ புடிச்சுக்கிச்சு. எந்திரிக்க முடியல."

"நீங்க உக்காருங்கம்மா" என்று பச்சையம்மாளிடம் ஸ்டூலைக் காட்டினார் டாக்டர்.

"வேணாம்மா, நிக்கறேன்." ஸ்ட்ரெச்சர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இவரு கால் முன்னாடி வந்து பொறந்தவரு டாக்டரம்மா. இடுப்பு புடிச்சுக்கினவங்க யாரா இருந்தாலும் இவருகிட்டதான் வருவாங்க. குப்புறப் படுக்கவச்சு மூணு மிதி. எந்திரிச்சு நடந்து போயிடுவாங்க. போன வாரம் எனக்கே புடிச்சுது. இவரு கால் பட்டுச்சு, சரியாப் போச்சு. அப்பேர்ப்பட்ட ராசியான காலு!"

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. சுப்புராயன் என்னவோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவருக்கே பிடிச்சுக்கிட்டா யாரு மிதிக்கறது?" டாக்டருக்குச் சிரிப்பு வந்தது.

"அதான் ஆஸ்பத்திரின்னு ஒரே புடிவாதம். அதுவும் நான் கூட வந்தாத்தான் ஜீப்புல ஏறுவாராம். பேரன் எடுக்கற வயசுல கொழந்த மாதிரி அடம்!"

டாக்டர் அவருடைய முதுகை அழுத்திப் பார்த்தார். பிறகு வலது காலை நீட்டியபடியே மேலே தூக்கினார். கால் தடையில்லாமல் உயர்ந்தது. பாதி உயரம் தாண்டிய பிறகு, திடீரென்று ஞாபகம் வந்தவர் போல, "யம்மா!" என்று கத்தினார் சுப்புராயன்.

டாக்டர் காலை இறக்கி வைத்தார்.

"பொதுவா இடுப்பு வலிக்கு ஸ்கேன் எல்லாம் வேண்டியதில்லை. மாத்திரை சாப்பிட்டு, படுத்தே கிடக்காம நடமாடினா சில வாரத்துல சரியாயிடும். ஆனா சில கேள்வி கண்டிப்பா கேக்கணும். எங்கேயாவது மரத்துப்போகுதா?"

சுப்புராயன் விழித்தார். மனைவியைப் பார்த்தார்.

"அவரு இன்னா சொல்லுவாரு, வெக்கப்படுவாரு" என்று குரலைத் தாழ்த்தினாள் பச்சையம்மாள். "மரத்துத்தாம்மா போவும். கால் மட்டும் இல்ல, உக்கார்ற எடம் இருக்குல்ல, அங்க கிள்ளினாக்கூடத் தெரியாது. எடது கால்ல செருப்பு கயண்டு பின்னாடி கெடக்கும், அதுபாட்டுக்கு நடந்துக்கினு இருக்கும் காலு."

டாக்டரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"மூத்திரம் போகுதா?"

"முட்டிக்கினு நிக்கும். போய் உக்காந்தா வராது. நேத்து மத்தியானத்துலேர்ந்தே அப்டித்தான்."

சுப்புராயனின் முனகல் சட்டென்று நின்றது. இவ்வளவு நேரம் வறண்டிருந்த கண்களில் இப்போதுதான் தண்ணீர் வந்தது.

"அது... ரொம்ப மோசமா டாக்டரம்மா?"

"ஆமாங்க. முதுகுத்தண்டோட கீழ்ப் பகுதியில நரம்பு நசுங்கினா இப்படி ஆகும். உடனே ஸ்கேன் எடுக்கணும். அதுதான்னு தெரிஞ்சா இன்னிக்கே ஆபரேஷன். தள்ளிப்போட்டா கால் விளங்காமலே போயிடலாம். இதுக்கு மேல மிதிக்கறது, நீவறது எதுவும் கூடாது."

பச்சையம்மாளின் முகம் வெளுத்துப் போனது.

"காப்பாத்துங்கம்மா."

"காப்பாத்திடலாம்மா." டாக்டர் அவளையே பார்த்தார். "ஆனா ஒண்ணு புரியல. இன்னிக்குக் காலையில பிடிச்ச இடுப்புக்கு, நேத்து மத்தியானமே எப்படி மூத்திரம் அடைக்கும்?"

பச்சையம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலை குனிந்தது.

அடுத்த நொடி, எழுந்திருக்கவே முடியாத சுப்புராயன் ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரே தாவலில் குதித்து இறங்கினார். நர்சைத் துணைக்குக் கூப்பிட்டு, மனைவியைத் தாங்கிப் பிடித்து, தான் படுத்திருந்த இடத்தில் அவளைப் பதமாகப் படுக்கவைத்தார்.

"ஏன் மாமா..." பச்சையம்மாள் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தாள்.

"என் காலோட பேரு கெட்டுடக் கூடாதுன்னு, சரியாப் போச்சு சரியாப் போச்சுன்னு ஒரு வாரமா செவுத்தப் புடிச்சுக்கினு நடந்தியே பச்ச. நீ வாடின்னு கூப்ட்டா வந்திருப்பியா? அதான் உன் வலிய நான் வாங்கிக்கினு வந்து படுத்தேன்."