மேலும் கீழும்

“அண்ணை, உங்கட வருத்தத்திலை ஒரு பிழையும் இல்லை. தலையாட்டுறதிலைதான் பிழை,” என்றார் செல்வரத்தினம்.

ஏரம்பமூர்த்தி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு எகிப்தில் லொறி ஓட்டி, குண்டு விழுந்து லொறியோடு கவிழ்ந்தவர் அவர். அவருக்கு இருபது வீத ஊனம் என்று லண்டன் தீர்மானித்து, அந்த இருபதுக்கு உரிய பென்சனை இந்த எண்பத்தைந்தாம் ஆண்டிலும் நியூசிலாந்தின் ஒக்லண்ட் வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அது ஐம்பது வீதமானால், ஏவன்டேலில் மருமகனின் கராஜுக்குள் படுப்பதை விட்டுவிட்டு, ரானுயியில் ஓர் அறை உள்ள வீடாவது வாடகைக்கு எடுக்கலாம். அவருக்கும் மனைவி பத்மாவதிக்கும் அதைவிட வேறு ஆசை இருக்கவில்லை.

போன வருடமும் விண்ணப்பித்தார். இங்குள்ள ஒரு டொக்டர் பார்த்து லண்டனுக்கு எழுதினார். இருபது இருபதாகவே நின்றது.

“டொக்டர் என்ன கேட்டவர்?”

“இப்பவும் நோகுதோ எண்டு கேட்டவர்.”

“நீங்கள்?”

“ஓம் எண்டனான்.”

“வாயாலையோ, தலையாலையோ?”

“பட்டாளத்திலை பெரியவைக்கு முன்னாலை வாய் திறந்து பழக்கமில்லை. தலையாலைதான்.”

ஏரம்பமூர்த்தி ஆட்டிக் காட்டினார். தலை இடமும் வலமுமாக மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணத்தையே நிச்சயம் பண்ணக்கூடிய தலையாட்டல்.

“வெள்ளைக்காரனுக்கு அது ‘இல்லை’ அண்ணை. நோவு இல்லை, சுகமா இருக்கிறன் எண்டெல்லோ சொல்லிப்போட்டு வந்திருக்கிறியள்.”

செல்வரத்தினம் இந்த நாட்டுக்கு முந்தி வந்தவர். ஆகவே எல்லாம் தெரிந்தவர்.

“இனி மேலையும் கீழையும். சும்மா இல்லை, ஆழமா. நாடி நெஞ்சிலை முட்ட வேணும், பிறகு கூரை முகடு கண்ணிலை பட வேணும்.”

“தம்பி, அவருக்கு அது சரிவராது,” என்றார் பத்மாவதி.

“எனக்கும் வந்த புதிசிலை சரிவரேல்லை அக்கா. பழகப் பழக வரும்.”

“அதில்லைத் தம்பி, அவருக்கு வந்து...”

“அக்கா, நீங்கள் குறுக்கை கதையாதேங்கோ. ஊர்ப் பழக்கம் லேசிலை போகாது.”

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்து செல்வரத்தினம் பயிற்சி கொடுத்தார். முதல் நாள் ஏரம்பமூர்த்தியின் கண்ணில் நீர் வந்தது. சத்தமும் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அதைக் கேட்டுவிட்டு, கராஜ் கதவுக்குப் போடச் சொல்லி ஒரு போத்தல் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். எண்ணெய் வீண்போகவில்லை என்று பத்மாவதி பிறகு சொன்னார்.

ஒரு கிழமை போனதும் சத்தம் நின்றது. ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் வெள்ளோட்டம் விட்டார்கள். சேம்பங்கிழங்கு விற்ற சமோவாக்காரி ஏதோ கேட்க, ஏரம்பமூர்த்தி மேலும் கீழும் ஆட்டினார். அவள் ஒரு சாக்கைக் கட்டிக் கொடுத்தாள். பிறகு இன்னும் ஏதோ கேட்டாள். அதற்கும் ஆட்டினார். இரண்டாவது சாக்கைச் செல்வரத்தினம்தான் சுமந்தார்.

“வேலை செய்யுது அண்ணை,” என்றார் மூச்சு வாங்கியபடி.

மறுநாள் விடிய, கட்டிலில் இருந்தபடியே பழகிக்கொண்டிருந்த ஏரம்பமூர்த்தி சட்டென்று நிறுத்தினார்.

“இஞ்சேரும். முகட்டிலை ஓட்டை கிடக்கு.”

“வந்த நாள் தொட்டுச் சொல்லுறன்,” என்றார் பத்மாவதி. “இண்டைக்குத்தான் பாத்தியளோ?”

டொக்டரிடம் போக வேண்டிய நாளும் வந்தது. செல்வரத்தினம் காரில் கூட்டிப்போய், பத்மாவதியோடு வெளியே காத்திருந்தார். உள்ளே புது டொக்டர். நிதானமானவர், கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர்.

“இன்னும் வலி இருக்கிறதா, மிஸ்டர் மூர்த்தி?”

ஏரம்பமூர்த்தி ஆட்டினார். மேலும் கீழும்.

டொக்டர் பேனாவைத் திறந்தவர் எழுதாமல் நிமிர்ந்தார். “குளிர் காலத்தில் அதிகமாகுமா?”

இன்னும் ஆழமாக ஆட்டினார்.

“அசைக்கவே முடியாத நாட்களும் உண்டா?”

அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல ஏரம்பமூர்த்தி ஆட்டினார். நாடி நெஞ்சில் முட்டியது. பிறகு முகடு கண்ணில் பட்டது. ஒருமுறை போதாது என்று மூன்றுமுறை.

டொக்டர் எழுந்துபோய் நர்ஸைக் கூட்டிவந்தார். “தயவுசெய்து இவருக்கும் ஒருமுறை,” என்றார்.

ஆட்டினார். நர்ஸ் கைதட்டினாள்.

வெளியே வந்தவரைச் செல்வரத்தினம் பிடித்துக்கொண்டார். “என்னவாம் அண்ணை?”

“கை குடுத்தவர். நல்ல மனிசன்.”

“ஐம்பதோ?”

“இல்லை. இருபதும் இனி இல்லையாம். பூரண சுகம் எண்டு லண்டனுக்கு எழுதப்போறாராம்.”

காரில் ஏறிய பிறகும் செல்வரத்தினம் சாவியைப் போடவில்லை. “நான் சொன்ன மாதிரி ஆட்டினியளோ?”

“எல்லாக் கேள்விக்கும்.”

“மேலையும் கீழையுமோ?”

ஏரம்பமூர்த்தி மேலும் கீழும் ஆட்டினார். ஒரு குறையும் சொல்ல முடியாத ஆட்டல்.

“பிறகேன் இப்பிடி...” செல்வரத்தினம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். யோசிக்க யோசிக்க, இத்தனை நாளும் கேட்காத ஒரு கேள்வி மெதுவாக வந்தது. “அண்ணை, லொறி கவிழ்ந்தபோது உங்களுக்கு எங்கை முறிஞ்சது?”

பின் சீட்டிலிருந்து பத்மாவதியின் குரல் வந்தது.

“இப்ப நான் கதைக்கலாமோ தம்பி? கழுத்து.”