அசனச் சோறு

"ஞாயித்துக்கெழம மணி அடிச்சா நாலு கெழடுகட்டைதான் வரும். அசனச் சோறுன்னா மட்டும் வேன் புடிச்சு வந்து எறங்குதானுவ, பாத்தீயளா ஐயரே?"

தானியேல் அண்ணாச்சி சபைச் செயலாளர். கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் ஆசீர் ஐயர். திசையன்விளைப் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். மே மாதம் மாற்றலாகி வந்தவர். அண்ணாச்சி சொல்வதற்கெல்லாம் தலையாட்டி, அதற்குள் கழுத்து நன்றாகப் பழகிவிட்டது.

அண்ணாச்சி சொன்னதிலும் பொய்யில்லை. இளவட்டங்கள் டிரம்ஸ் அடித்துப் பாடுகிற புது ஜெப ஹாலுக்குப் போய்விட்டன. மிச்சப் பேரைக் கேபிள் டி.வி. வீட்டோடு பிடித்து வைத்துக்கொண்டது. காலி பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் பண்ணிப் பண்ணி ஐயருக்கே மனசு விட்டுப்போயிருந்தது. இன்று மட்டும், வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் சபை விருந்தான அசனத்துக்கு, பந்தலில் கால் வைக்க இடமில்லை.

ஒலிபெருக்கி முழங்கியது. "அசனத்துக்கான அரிசி முழுவதும் செயலாளர் தானியேல் அவர்கள், தம் அன்புத் தாயார் ஞானத்தங்கம் அவர்கள் பெயரில்..."

"அம்மா வரலியா, அண்ணாச்சி?"

"மெட்ராஸ்ல தங்கச்சி வீட்டுல சொகமா இருக்காவ. அங்கன பெரிய கோயிலு. ஒரு ஞாயிறு தப்பாது."

அப்போதுதான் தூக்குவாளியோடு லில்லி புஷ்பம் வந்தாள். பீடி சுற்றிப் பிழைக்கிறவள். சபையை விட்டுவிட்டு ஹாலுக்குப் போகிறவள்.

அண்ணாச்சி எழுந்தேவிட்டார். "இங்கன ஒனக்கு என்ன சோலி?"

"எனக்கில்ல அண்ணாச்சி. வீட்டுல படுத்த படுக்கையா ஒரு ஆளு. அசனச் சோறு ஒரு வாயி வேணும்னு காலையில இருந்து..."

"செத்த சபைன்னு சொல்லிட்டுப் போனவதான நீ? செத்த சபையில சோறு மட்டும் உசுரோட இருக்கோ? ஒங்க ஹால்ல போயிக் கேளு, போ!"

பந்தியில் இருந்தவர்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். பரிமாறுகிறவர்களும் நிமிரவில்லை.

லில்லி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ஐயரைப் பார்த்தாள். அப்படியே வாயை மூடிக்கொண்டு, காலி வாளியோடு வெயிலில் திரும்பி நடந்தாள்.

படுக்கையில் கிடப்பவர்களுக்கு அசனச் சோறு கொடுத்தனுப்புவது காலங்காலமான வழக்கம். அது ஐயருக்குத் தெரியாததில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. செயலாளரைப் பகைத்துக்கொண்டு எந்த ஐயர் நிம்மதியாக இருந்தார்?

இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும்தான் சோறு உள்ளே இறங்கமாட்டேன் என்றது. தன்னை நினைத்துத் தனக்கே வெட்கமாக இருந்தது. எழுந்து சமையல் பந்தலின் பின்பக்கம் போனார். ஒரு வாளியில் சோறும் கறிக்குழம்பும் வாங்கி, சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

லில்லி வாசலில் பதறிப்போய் நின்றாள். "ஐயரே, நீங்களா?"

"மன்னிச்சிரும்மா. நான் அங்கனயே பேசியிருக்கணும்."

உள்ளே கயிற்றுக் கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு அம்மா கிடந்தாள். கண் தெரியவில்லை. குழம்பு வாசம் வந்ததும் முகம் மலர்ந்தது.

"மணிச்சத்தம் கேட்டப்பமே நெனச்சேன். அசனச் சோறு வந்துட்டா? யாரு கொண்டாந்தா, லில்லி?"

"கோயில் ஐயரு வந்திருக்காவ, பெரியம்மை."

"அப்பம் எம் மவன் தானியேலுதான் குடுத்துவிட்டிருப்பான். நான் இங்கன கெடக்கது அவனுக்குத் தெரியும்லா."

ஐயர் திடுக்கிட்டு லில்லியைப் பார்த்தார். ஒன்றும் சொல்ல வேண்டாம் என்பதுபோல அவள் தலையசைத்தாள். சோற்றைப் பிசைந்து, அந்த அம்மாவின் வாயருகே கொண்டுபோனாள்.

"பெறவு? வருசா வருசம் ஒங்க மவந்தான குடுத்துவிடுதாவ! பந்தியில நிக்காவ, அதான் வர முடியல. ம், வாயத் தொறங்க."