காணாமல் போகும் மூடிகள்

"உங்க பொண்ணு கிளாஸ்ல இருந்து சாமான் எடுத்துட்டுப் போறாம்மா."

டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அம்மாவுக்குக் காது இரண்டும் சூடாகிப் போனது. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தவள், இன்னும் கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டாள்.

"எங்க வாலுவா? என்ன சாமான் டீச்சர்?"

"பாட்டில் மூடி. எண்ணிப் பழகறதுக்குச் சேர்த்து வச்சிருக்கோம். ஒரு பிள்ளைக்கு ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குப் பத்து மூடி. வாய்விட்டு எண்ணிக்கிட்டே ரயில் மாதிரி வரிசையா அடுக்கணும். அடுக்கி முடிச்சவங்க வெளியில ஊஞ்சலுக்குப் போகலாம். கிண்ணத்தை எல்லாருக்கும் கொடுக்கறது உங்க பொண்ணுதான். அவதானே லீடர்."

அது அம்மாவுக்குத் தெரியாதா? லீடர் பேட்ஜைக் குத்திக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்த அன்று, யாரிடமும் நாலு வார்த்தை பேசாத அம்மாவே தெரு முழுக்கச் சொல்லிவிட்டல்லவா வந்தாள்.

"முதல்ல தினம் அஞ்சு மூடி காணாமப் போச்சு. அப்புறம் நாலு, மூணுன்னு ஆச்சு. நேத்து ரெண்டு."

"குறைஞ்சுக்கிட்டுத்தானே டீச்சர் வருது?"

சொன்ன பிறகுதான் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. இன்னைக்கும் எடுத்தான்னா லீடர் வேலையை வேற பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதுதான். நீங்களே உங்க கண்ணால பாருங்கன்னுதான் வரச் சொன்னேன்."

துவைக்கப் போடும்போதெல்லாம் மகளின் கவுன் பாக்கெட்டில் மூடிகள் கிடக்கும். தெருவில் பொறுக்கியது என்று நினைத்து, அம்மா குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு பேரும் வகுப்புக் கதவோரம் போய் நின்றார்கள்.

உள்ளே ஒரே சத்தம். ஒருத்தன் மணல் தட்டில் விரலால் 'அ' போட்டு, சுழி கோணிப் போனதென்று கலைத்துக்கொண்டிருந்தான். ஒருத்தி களிமண்ணைத் திரித்து 'ட' செய்துவிட்டு, அது நிற்கவில்லையே என்று அதனோடு சண்டை போட்டாள்.

வாலு கிண்ணங்களோடு வந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள். ஒரு குண்டுக் கன்னக்காரியிடம் வந்ததும் நின்றாள். வகுப்பில் அவளுக்குப் பஞ்சு என்று பேர். வாலு இப்படியும் அப்படியும் பார்த்தாள். பஞ்சுவின் கிண்ணத்தில் கைவிட்டு ஒரு மூடியை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

அதுவும் தன் கிண்ணத்தில் இருந்து இல்லை. அடுத்த பிள்ளையின் கிண்ணத்தில் இருந்து.

அம்மா உள்ளே போய் மகள் முன்னால் மண்டியிட்டாள்.

"எதுக்குடி எடுத்தே?"

வாலு பாக்கெட்டைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அம்மா மானம் போகுதுடி. சொல்லு."

வாலு பஞ்சுவைப் பார்த்தாள். பஞ்சு மும்முரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வாலு அம்மாவின் காதைப் பிடித்துத் தன் வாய்க்கிட்டே இழுத்தாள்.

"சத்தம் போடாதம்மா. பஞ்சுவுக்கு ஒன்பது வரைக்கும்தான் வரும். இன்னொரு மூடி இருந்தா என்ன சொல்றதுன்னு தெரியாம அழுவா. எல்லாரும் ஊஞ்சலுக்குப் போயிடுவாங்க, அவ மட்டும் உக்காந்துக்கிட்டே இருப்பா."

"அதுக்கு?"

"முன்னாடி அவளுக்கு அஞ்சுதான் வந்துச்சு. அதனால அஞ்சு எடுத்தேன். ஊஞ்சல்ல தள்ளிவிடும்போது சொல்லிக் குடுத்தேன், ஆறு வந்துச்சு. அப்ப நாலு எடுத்தேன். இப்ப ஒண்ணே ஒண்ணுதான்மா. திருப்பிக் கொண்டாந்து போடலாம்னுதான் பாக்கெட்ல வைப்பேன். நீதான் தூக்கிப் போட்டுடறே."

"ஒன்பது!" என்று கத்திவிட்டுப் பஞ்சு ஊஞ்சலுக்கு ஓடினாள்.

பின்னாலேயே வந்து குனிந்து கேட்டுக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்தார். அம்மாவிடம் கேட்டார்.

"கழித்தலை நான் அடுத்த மாசம்தான் ஆரம்பிக்கறதா இருந்தேன். பத்துல இத்தனை போனா இத்தனை மிஞ்சும்னு இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நீங்களா?"

"நானா? நான் படிச்சதே கொஞ்சம்தான் டீச்சர்."

வந்ததிலிருந்து குனிந்தே இருந்த அம்மாவின் தலை, இப்போதுதான் நிமிர்ந்தது. மகளின் பேட்ஜ் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதை நேராகக் குத்திவிட்டாள்.

டீச்சரும் தரையில் உட்கார்ந்தார். "இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே கண்ணு. உன்னைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனே. கேட்டப்பல்லாம் ஏன் பேசாம நின்னே?"

வாலு ஜன்னல் வழியாக ஊஞ்சலை எட்டிப் பார்த்தாள். பஞ்சு தூரத்தில்தான் இருக்கிறாள் என்று நிச்சயமானதும் சொன்னாள்.

"சொன்னா, பஞ்சுவுக்கு எண்ணத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுமே மிஸ்."